கறுப்பு டியூப்பை என்ன செய்வது?

அனைவருக்கும் வணக்கம்.

இந்த மேசையில் ஓவியர் வண்ணம் கலக்கும் தட்டு ஒன்று இருக்கிறது. ஒரு ஓரத்தில் லெமன் எல்லோ, கொஞ்சம் தள்ளி ஒரு பொட்டுக் கறுப்பு. இரண்டையும் இப்போது கத்தியால் கலக்கப் போகிறேன். என்ன வரும்? "அழுக்கு மஞ்சள்" என்கிறார் ஒருவர். "பழுப்பு" என்கிறார் இன்னொருவர். சரி, கலந்தாயிற்று. தட்டைத் தூக்கிக் காட்டுகிறேன், பாருங்கள். பச்சை! பாசி படிந்த சுவரில் இருக்குமே, அந்தப் பச்சை. இதில் நீலம் ஒரு துளிகூடக் கிடையாது.

இன்று நான் பேசப்போவதெல்லாம் இந்தப் பச்சையிலிருந்து கிளம்புவதுதான். கறுப்பை நாம் விளக்கின் திருகு மாதிரி நினைத்துவிடுகிறோம். கொஞ்சம் திருகினால் வெளிச்சம் குறையும், முழுக்கத் திருகினால் அணைந்துவிடும் என்று. டியூப்பில் இருக்கும் கறுப்பு அப்படி வேலை செய்வதில்லை. அது ஒரு நிறம். சிவப்புக்கும் நீலத்துக்கும் குணம் இருப்பதுபோல அதற்கும் உண்டு, கலக்கும்போது அந்தக் குணத்தைக் காட்டியே தீரும்.

இதில் நம்மைக் குழப்புவதில் நம் மொழிக்கும் பங்கு இருக்கிறது. கருநீலம், கரும்பச்சை, கருஞ்சிவப்பு என்கிறோம். ஒரு நிறத்தோடு கருமையைச் சேர்த்தால் அதன் இருண்ட வடிவம் கிடைத்துவிடும் என்று அந்தச் சொற்களே சொல்லிக்கொடுப்பது போல இருக்கும். ஆனால் கருமஞ்சள் என்று ஒரு நிறத்தை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அந்தப் பெயரில் ஒரு கிழங்கு இருக்கிறது, நிறம் இல்லை. மஞ்சளை இருட்டாக்கினால் கண் அதை மஞ்சளாக ஏற்பதில்லை, பச்சைப் பக்கம் ஒதுக்கிவிடுகிறது. ஆரஞ்சை இருட்டாக்கினால் பழுப்பு. வானவில்லில் பழுப்பு இல்லாததற்கு இதுதான் காரணம். சுற்றிலும் அதைவிட வெளிச்சமான நிறங்கள் இருக்கும்போது தெரிகிற மங்கிய ஆரஞ்சுக்குத்தான் பழுப்பு என்று பெயர்.

நான் படம் வரையக் கற்கத் தொடங்கிய புதிதில் ஒரு முதியவரின் முகத்தை வரைந்தேன். கன்னத்தின் நிழலுக்குத் தோல் நிறத்தோடு கறுப்பைக் கலந்து பூசினேன். என் ஆசிரியர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "இவர் கரி அள்ளிவிட்டு வருகிறாரா?" என்று கேட்டார். அப்புறம் ஒன்றும் பேசாமல் என் பெட்டியிலிருந்த கறுப்பு டியூப்பை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். ஒரு வருஷம் கழித்துத்தான் திருப்பித் தந்தார். அதற்குள் எனக்கு அது வேண்டியிருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அந்தக் கன்னத்தில் என்ன தப்பு நடந்தது? நிழலில் இருந்தாலும் தோல் தோல்தான், அதன் சிவப்பும் ஆரஞ்சும் எங்கும் போய்விடுவதில்லை. வெளிச்சம் மட்டும்தான் குறைகிறது. நான் போட்ட கறுப்போ நிறத்தின் உயிரைக் குறைத்ததோடு நிற்காமல், தோல் கலவையில் இருந்த வெள்ளையோடு சேர்ந்து ஒரு நீலச் சாம்பலாக மாறிவிட்டது. புகையைக் கவனித்திருப்பீர்கள். இருண்ட சுவரின் முன்னால் எழும் புகை நீலமாகத் தெரியும். அதே புகை வெளிச்சமான வானத்தின் முன்னால் போனதும் பழுப்பேறும். மிக நுண்ணிய துகள்கள் நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால் வருவது அது. கறுப்பின் மேல் மெல்லிய வெள்ளையைப் பூசினால் நீலம் எட்டிப்பார்ப்பதும் இதே கதைதான். கன்னத்தில் நான் பூசியது நிழல் இல்லை, புகை.

இந்த எரிச்சலால்தான் 19ஆம் நூற்றாண்டின் இம்ப்ரஷனிஸ்டுகள், அதாவது கண்ணில் படும் ஒளியை அப்படியே பிடிக்க முயன்ற பிரெஞ்சு ஓவியர்கள், பலர் கறுப்பைத் தட்டிலிருந்தே தள்ளினார்கள். வெளியில் நின்று வரைகிறவர்களுக்கு நிழலில் ஊதாவும் நீலமும் தெரிந்தது, கரி தெரியவில்லை. 1926இல் அவர்களில் ஒருவரான மோனே இறந்தபோது சவப்பெட்டியின் மேல் போட்டிருந்த கறுப்புத் துணியை அவருடைய நண்பரும் பிரெஞ்சு அரசியல்வாதியுமான கிளெமன்ஸோ உருவிவிட்டு, பூப்போட்ட துணியைப் போர்த்தினார் என்று ஒரு கதை சொல்வார்கள். நல்ல கதை. ஆனால் அதிலிருந்து "கறுப்பைத் தொடாதே" என்று ஒரு சட்டத்தைப் பிடித்துக்கொண்டவர்கள், அதே பாரிஸில் மானே என்ற இன்னொரு ஓவியர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பார்க்க மறந்துவிட்டார்கள். அவரிடம் பிறகு வருகிறேன்.

முதலில், கறுப்பு டியூப் இல்லாமல் இருட்டு எப்படிச் செய்வது? எனக்குப் பிடித்த ஜோடி அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பும். கெட்டியாகக் கலந்தால் தட்டில் கறுப்பாகத்தான் தெரியும். கத்தியால் ஒரு ஓரத்தை மெல்லிசாக இழுத்து, கொஞ்சம் வெள்ளை தொட்டுப் பார்த்தால்தான் உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியும். நீலத்தைக் கூட்டினால் குளிர்ந்த கறுப்பு, அம்பரைக் கூட்டினால் சூடான கறுப்பு. டியூப் கறுப்பில் இந்தத் திசைமாற்றம் கைவசம் இருக்காது. அம்பருக்குப் பதில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைப் போட்டால் சாம்பல் நிறங்கள் இன்னும் அழகாக வரும், மேகத்துக்கு நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

இன்னொரு ஜோடி அலிசரின் கிரிம்சன் என்ற ஆழ்ந்த சிவப்பும் தாலோ பச்சையும். பயமுறுத்தும் ஆழம். ஒரு சொட்டு அதிகமானால் பச்சை, ஒரு சொட்டு குறைந்தால் ஊதா. தாலோவின் வலிமை அப்படி, அதனால் சிவப்போடு பச்சையைச் சேருங்கள், பச்சையோடு சிவப்பைச் சேர்க்காதீர்கள். பழைய அலிசரின் மெல்லிய பூச்சில் வெளிச்சம் பட்டு வெளிறும். இப்போது அதற்குப் பதிலாக வரும் நிலைத்த சிவப்புகளை வாங்குவது நல்லது.

இந்த ஜோடிகளில் ஒரு பொதுத்தன்மை உண்டு, அம்பரைத் தவிர்த்துப் பார்த்தால் எல்லாமே ஒளி ஊடுருவும் வண்ணங்கள். நிழலில் ஆழம் வருவதற்கு அது பெரிய காரணம். இருட்டுக் கலவையில் டைட்டானியம் வெள்ளை ஒரு துளி விழுந்தாலும் சுண்ணாம்பு பூசியது போலாகிவிடும். ரெம்ப்ராண்ட் நிழல்களை மெல்லிசாகவும் வெளிச்சத்தைத் தடிப்பாகவும் வைத்ததை நேரில் படங்களைப் பார்த்தால் பக்கவாட்டிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

இருண்ட மஞ்சளுக்கு வழி? கறுப்பைத் தொடாமல் ஓக்கர் என்ற மண் மஞ்சளுக்கு இறங்குங்கள், அங்கிருந்து சியன்னா, அங்கிருந்து அம்பர். படிப்படியாக. கறுப்பைப் போட்டே தீருவேன் என்றால் பச்சையை அடக்க ஒரு துளி சிவப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இலைகளை வரைகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், மஞ்சளும் கறுப்பும் தருகிற அந்தப் பச்சை, டியூப்பில் வரும் எந்தப் பச்சையையும்விட உண்மையான இலையாக இருக்கும்.

இனி டியூப்களுக்கு வருவோம். கடையில் "கறுப்பு" என்று கேட்டு வாங்கக் கூடாது, எந்தக் கறுப்பு என்று பெயரைப் பார்க்க வேண்டும். ஐவரி பிளாக் என்பது ஒரு காலத்தில் தந்தத்தை எரித்துச் செய்தது. இப்போது எலும்புக் கரி. அதில் கார்பன் கொஞ்சம்தான், பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட். அதனால்தான் அது மென்மையானது, பக்கத்து நிறத்தை அடித்து வீழ்த்தாது. லாம்ப் பிளாக் விளக்குப் புகைக்கரி, கிட்டத்தட்ட முழுக்கக் கார்பன், வெள்ளையோடு சேர்ந்தால் நீலம் அடிக்கும். மார்ஸ் பிளாக் செயற்கை இரும்பு ஆக்சைடு. பழுப்புச் சாய்வு, முழுக்க மறைக்கும் தன்மை, கலவையில் ஒரு துளி போதும் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஐவரி பிளாக்கில் பழகிய கை மார்ஸ் பிளாக்கை அதே அளவு எடுத்தால் அன்றைய வேலை போச்சு. எனக்குப் போயிருக்கிறது.

அடுத்து நான் அதிகம் பேச விரும்புவது கலவையைப் பற்றியல்ல, கண்ணைப் பற்றி. பாரிஸில் கோப்லான் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவாலை. அங்கே 1824இல் சாயப் பிரிவின் பொறுப்பை ஏற்றார் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். அவருக்கு வந்த புகார்களில் ஒன்று: கறுப்பு நூலில் வலுவில்லை, நீலம், ஊதாப் பகுதிகளில் நிழலுக்கு வைத்து நெய்தால் மங்கித் தெரிகிறது. அவர் வேறு ஆலைகளின் கறுப்பு நூலை வரவழைத்து ஒப்பிட்டார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்து நிறம்தான் வில்லன். நீலத்தின் அருகில் இருக்கும் எதன்மேலும் நம் கண் அதன் எதிர் நிறமான ஆரஞ்சின் சாயலைப் பூசிவிடுகிறது. அந்தச் சாயல் கறுப்பின் மேல் விழுந்தால் கறுப்பு துருவேறி வெளிறுகிறது. இதைப் பிடித்துக்கொண்டு போய் 1839இல் ஒரு பெரிய நூலே வெளியிட்டார். ஓவியர்கள் அதைப் பல தலைமுறை படித்தார்கள்.

ஒரு வேதியியலாளர் சாயத் தொட்டியை விட்டுவிட்டுக் கண்ணைச் சந்தேகித்தார் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்த இடம். படத்தில் ஒரு இடம் போதுமான இருட்டாக இல்லை என்றால் நாம் மேலும் மேலும் கறுப்பை அப்புகிறோம். பக்கத்தில் இருப்பதை மாற்றிப் பார்ப்பதில்லை. பல நேரம் அருகிலுள்ள நிறத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கினாலே இருட்டு தானாக இறங்கிவிடும்.

இதில் கணக்கும் இருக்கிறது. நல்ல வெள்ளை வண்ணம் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 90 சதவீதத்தைத் திருப்பித் தரும். பளபளப்பில்லாமல் காய்ந்த கறுப்பு 4 சதவீதம் போல. ஆக, நம் கையில் இருக்கும் ஏணி இருபது மடங்கு உயரம்தான். வெயில் பட்ட சுவருக்கும் கதவுக்குள் தெரியும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசம் நூறு, ஆயிரம் மடங்குகளில் போகும். அந்த ஏணியின் கடைசிப் படியில் முதல் நிழலையே உட்காரவைத்துவிட்டால், உண்மையான இருட்டுக்குப் போக இடமிருக்காது. அதனால் ஒரு அட்டையில் சிறு துளை போட்டு, நிழலை அதன் வழியே பாருங்கள். கறுப்பு என்று நினைத்திருந்தது நடுத்தரச் சாம்பலாக இருக்கும். அட்டையை எடுத்ததும் மறுபடி கறுப்பாகிவிடும்!

அந்த 4 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பும் ஒளியிலிருந்து. சொரசொரப்பான கறுப்பு அந்த ஒளியை எல்லாப் பக்கமும் தெறிக்கவிடுகிறது, அதில் ஒரு பங்கு எப்போதும் உங்கள் கண்ணுக்கு வந்துவிடும். வழுவழுப்பான கறுப்பு ஒரே திசையில் அனுப்பிவிடுகிறது, அந்தத் திசையில் நிற்காதவருக்கு ஆழமான இருட்டு. வார்னிஷ் அடித்தவுடன் எண்ணெய் ஓவியத்தின் நிழல்கள் இறங்குவது இதனால்தான். எண்ணெய் உள்ளே இழுக்கப்பட்டு மங்கிப்போன இருண்ட திட்டுகளைப் பார்த்துப் பதறி மேலே கறுப்பைப் பூசாதீர்கள். மெல்லிசாக எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுப் பாருங்கள், பழைய நிறம் திரும்பியிருக்கும்.

வாட்டர்கலர்காரர்களுக்குப் பிரச்சினை வேறு. ஈரத்தில் இருக்கும் இருட்டு காய்ந்ததும் வெளிறும். பயந்து பயந்து ஐந்தாறு பூச்சு போட்டால் கீழே இருப்பது கரைந்து சேறாகும். கெட்டியாகக் கலந்து ஒரே தடவையில் வைத்துவிட வேண்டும். அக்ரிலிக்கில் தலைகீழ், காயும்போது இருட்டாகும். அதன் பால் போன்ற பசை தெளிவதால் வருவது.

மானேயைப் பிறகு பார்ப்போம் என்றேன் அல்லவா. 1872இல் அவர் ஓவியர் பெர்த் மொரிஸோவை வரைந்தார், கறுப்புத் தொப்பி, கறுப்பு உடை, மார்பில் ஒரு சிறு வயலட் பூங்கொத்து. அங்கே கறுப்பு நிழலுக்கு வரவில்லை, உடைக்கு வந்திருக்கிறது. கறுப்பு ஒரு பொருளின் சொந்த நிறம் என்றால் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பழைய டச்சு ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸைப் பற்றி ஓவியர் வான்கா 1885இல் தன் தம்பிக்கு எழுதிய கடிதத்தில், அவரிடம் 27 கறுப்புகள் இருக்கின்றன என்கிறார். எண்ணிப் பார்த்தாரா என்று கேட்காதீர்கள். ஒரே கறுப்புத் துணியில் வெளிச்சம் படும் மடிப்பு, திரும்பும் ஓரம், பக்கத்து வெள்ளைக் காலரின் பிரதிபலிப்பு எல்லாம் வெவ்வேறு கறுப்பு என்பதைத்தான் சொல்கிறார்.

ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்ன் இன்னும் ஒரு படி மேலே போனார். அவர் பெயரால் இன்று அறியப்படும் தட்டில் நான்கே நிறங்கள்: வெள்ளை, எல்லோ ஓக்கர், வெர்மிலியன் என்ற பளிச்சென்ற சிவப்பு, ஐவரி பிளாக். நீலமே கிடையாது. கறுப்புதான் நீலத்தின் வேலையைச் செய்கிறது. அதில் வெள்ளை சேர்த்த சாம்பலைத் தோல் நிறத்துக்குப் பக்கத்தில் வைத்தால் கண் அதை நீலம் என்றே படிக்கும். ஓக்கரோடு சேர்த்தால் பச்சை. என் கன்னத்தைக் கெடுத்த அதே நீலச் சாய்வைத்தான் அவர் கூலிக்கு அமர்த்திக்கொண்டார்.

நேரம் முடிகிறது, ஒரு எச்சரிக்கை மட்டும். எண்ணெயில் ஐவரி பிளாக் மிக மெதுவாகக் காயும். அதைத் தடிப்பாக அடியில் போட்டு, சீக்கிரம் காயும் வண்ணத்தை மேலே வைத்தால் விரிசல் விடும். அம்பர் அதற்கு நேர் எதிர், அதிலுள்ள மாங்கனீஸ் விரைவில் காயவைக்கும், அடிப்பூச்சுக்கு அதுவே நல்லது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பிட்டுமன் என்ற தார் வண்ணத்தின் ஆழத்தில் மயங்கிய ஓவியர்களின் படங்கள் பலவற்றில் இருட்டுப் பகுதி முதலைத்தோல் போல வெடித்துக் கிடக்கிறது, காரணம் அது முழுதாகக் காய்வதே இல்லை.

கேள்விகள் இருந்தால் மேசைக்கு வந்து கேளுங்கள். மூன்று கறுப்பு டியூப்களும், கூடவே அல்ட்ராமரைன், அம்பர் ஜோடியும் இங்கே இருக்கின்றன. பக்கத்தில் வெள்ளையும் வைத்திருக்கிறேன். ஆளுக்கொரு கத்தி எடுத்து ஒவ்வொன்றையும் வெள்ளையோடு இழுத்துப் பாருங்கள். மார்ஸ் பிளாக்கை மட்டும் சட்டையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.