லேப்டாப்பை மூடியாச்சு, உடம்பு மட்டும் ஏன் இன்னும் ஆபீஸ்லயே இருக்கு?

[காட்சி: சில்க் போர்டு, மாலை 7 மணி. சிவப்பு பிரேக் லைட் வரிசை. ஹாரன் சத்தம் மெல்ல அடங்குது.]

இந்த வீடியோவைப் பார்த்துக்கிட்டிருக்கிற இந்த நிமிஷம், உங்க பல்லு எப்படி இருக்குன்னு கொஞ்சம் கவனிங்க. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் இறுக்கிக் கடிச்சபடி இருக்கா? வாய் மூடியிருந்தாலும் ரெண்டு வரிசைக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி இருக்கணும். கடிச்சிருந்தா விட்டுடுங்க. தோள் ரெண்டும் காதுப் பக்கம் ஏறியிருக்கும், அதையும் இறக்கிக்கோங்க.

வணக்கம். நான் பெங்களூர் அல்சூர்ல இருந்து பேசறேன். சொந்த ஊர் சேலம். இங்க வந்து ஒன்பது வருஷம் ஆகுது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ராத்திரி, பதினொரு மணிக்கு ஆபீஸ்ல இருந்து ஒரு மெசேஜ். அவசரம் ஒண்ணும் இல்ல, காலைல பார்த்துக்கக்கூடிய விஷயம்தான். பதில் போட்டுட்டுப் படுத்தேன். பத்து நிமிஷத்துல நெஞ்சு அடிக்கிறது காதுல கேட்குது. உள்ளங்கை ஜில்லுன்னு ஆயிடுச்சு. மூச்சு முழுசா உள்ள போகாத மாதிரி இருந்துச்சு. விடியற வரைக்கும் தூங்கல.

காலைல பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போனேன். ஈசிஜி, தைராய்டு, ரத்த அணு எல்லாம் பார்த்தாங்க. எல்லாம் நார்மல். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதி வரல, கோபம்தான் வந்துச்சு. ராத்திரி பூரா உடம்பு அந்தப் பாடு பட்டிருக்கு, ஒண்ணுமே இல்லன்னா எப்படி? அந்த டாக்டரம்மா தமிழ் பேசறவங்க. பேப்பரை மடிச்சு வச்சுட்டு, "கடைசியா எப்பம்மா சும்மா உக்காந்திருந்தீங்க?"ன்னு கேட்டாங்க. யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். பதில் சொல்ல முடியல.

[காட்சி: மனித உடலின் கோட்டோவியம். சிறுநீரகங்களுக்கு மேல ரெண்டு சின்னச் சுரப்பிகள் ஒளிருது.]

அந்த ராத்திரி என் உடம்புக்கு என்ன நடந்துச்சுன்னு பார்ப்போம். ஏன்னா இது புரிஞ்ச பிறகுதான் எனக்குப் பயம் பாதி குறைஞ்சுது.

சிறுநீரகத்துக்கு மேல தொப்பி வச்ச மாதிரி ரெண்டு சுரப்பி இருக்கு. அட்ரினல்னு பேரு. ஆபத்துன்னு மூளை நினைச்ச சில நொடியிலயே அங்கிருந்து அட்ரினலின் ரத்தத்துல கலக்குது. இதயம் வேகமா அடிக்குது, கை கால் தசைக்கு ரத்தம் பாயுது, செரிமானம் ஓரமா ஒதுங்கி நிக்குது. சண்டை போடவோ ஓடவோ உடம்பு செய்யற இந்த ஏற்பாட்டை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-லயே விளக்கி எழுதிட்டார். அதுக்குப் பின்னாலயே ரெண்டாவது அலையா கார்ட்டிசால்ங்கற இன்னொரு ஹார்மோன் வருது. இது மெதுவா ஏறும், உச்சத்துக்குப் போக இருபது முப்பது நிமிஷம் ஆகும். அப்புறம் அடங்கறதும் மெதுவாத்தான்.

தெருநாய் துரத்துதுன்னு வைங்க. ஓடுறீங்க, ஒரு கேட்டுக்குள்ள நுழைஞ்சு சாத்திக்கிறீங்க. மூச்சு வாங்கி, வேர்த்து, கொஞ்ச நேரத்துல சிரிக்கக்கூட செய்வீங்க. ஏறினது இறங்கிடுச்சு. உடம்போட கணக்கு அதுதான். ஆனா கேப்ல உக்காந்திருக்கும்போது வர்ற மெசேஜுக்கு எங்க ஓடறது? ஓடறதுக்காகத் தயாரான அத்தனை சக்கரையும் ரத்த அழுத்தமும் சீட்டு பெல்ட்டுக்குள்ள கட்டுண்டு கிடக்கு. முதல் அலாரம் அடங்கறதுக்குள்ள அடுத்தது. அதுக்குள்ள வீட்டு ஓனர் போன்.

கனடாவுல மான்ட்ரியால் நகரத்துல ஹான்ஸ் செல்யேன்னு ஒரு விஞ்ஞானி. எலிகளுக்குக் குளிர், காயம், விஷம்னு வேற வேற கஷ்டம் கொடுத்துப் பார்த்தார். எந்தக் கஷ்டம் கொடுத்தாலும் உள்ளே ஒரே மாதிரி மாற்றம்: அட்ரினல் வீங்கியிருந்துச்சு, வயித்துல புண் இருந்துச்சு. 1936-ல இதை வெளியிட்டார். பொறியியல்ல உலோகத்து மேல விழற அழுத்தத்துக்குச் சொல்ற 'ஸ்ட்ரெஸ்'ங்கற வார்த்தை உடம்புக்கும் பழக்கமானது அவராலதான். இன்ஜினியர்கள் நிறைஞ்ச இந்த ஊர்ல அந்த வார்த்தையை விளக்கவே வேண்டாம்.

அதனால டென்ஷன் வர்றதுக்காக யாரும் தன்னைத் திட்டிக்க வேண்டாம். அது வரும், வரத்தான் செய்யும். ஏறின உடம்பை இறங்க விடறோமாங்கறதுதான் கேள்வி. நாம பெரும்பாலும் விடறதே இல்ல.

[காட்சி: மணிக்கட்டு நெருக்கமாக. கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரல் நாடி பார்க்குது.]

இப்ப ஒண்ணு செஞ்சு பார்க்கலாம். வண்டி ஓட்டிக்கிட்டிருந்தா அப்புறம் பாருங்க.

இடது மணிக்கட்டுல, கட்டைவிரலுக்கு நேர் கீழே, வலது கையோட ரெண்டு விரலை வைங்க. அழுத்த வேண்டாம், துடிப்பு தானா தட்டும். கிடைச்சுதா? இப்ப மூக்கு வழியா மெதுவா இழுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. இனி விடுங்க, இன்னும் மெதுவா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு.

[பத்து நொடி மௌனம். இசை வேண்டாம்.]

இன்னொரு தடவை செய்யுங்க. விரலை மட்டும் கவனிங்க. இழுக்கும்போது துடிப்பு நெருக்கமா வரும். விடும்போது கொஞ்சம் இடைவெளி கூடி வரும். எல்லாருக்கும் இது அவ்வளவு தெளிவாத் தெரியாது, ஆனா பல பேர் விரல்லயே உணர்ந்துடலாம். மூச்சை வெளியே விடும்போது, மூளையில இருந்து இதயத்துக்கு வர்ற வேகஸ் நரம்பு அதுக்குப் பிரேக் போடுது. அந்தப் பிரேக்கைத்தான் உங்க விரல்ல தொட்டுப் பார்த்தீங்க. நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டா நிமிஷத்துக்கு ஆறு மூச்சு. கேப்ல, மெட்ரோவுல, மீட்டிங்குக்கு முன்னாடி லிஃப்ட்லகூட செய்யலாம். அஞ்சு நிமிஷம் போதும். பக்கத்துல நிக்கிறவங்களுக்குத் தெரியக்கூட தெரியாது.

உடம்பு ஓடத் தயாரானதுன்னு சொன்னேன் இல்லையா, அப்ப அதைக் கொஞ்சம் ஓட விடணும். ஓடலன்னா நடங்க. வாரத்துக்குக் குறைஞ்சது 150 நிமிஷம் வேகமா நடக்கற அளவு உழைப்பு வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஒரு நாளைக்கு இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல வருது. நான் சாயங்காலம் ரெண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கிடுவேன். அல்சூர் ஏரிக் கரையோரமா வந்து, சோமேஸ்வரர் கோயில் தெருவுல பூக்கட்டற அக்காகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு வீட்டுக்குப் போவேன். வாசல்ல செருப்பைக் கழட்டும்போது ஆபீஸ் பாதிக்கு மேல வழியிலயே விழுந்திருக்கும்.

சாயங்காலக் காபியைப் பத்தியும் சொல்லணும், நம்ம ஆளுங்களுக்கு இது கஷ்டமான விஷயம்னு தெரியும். உடம்புக்குள்ள போன கஃபீன்ல பாதி குறையவே ஏறத்தாழ அஞ்சு மணி நேரம் ஆகும். ஆறு மணிக்கு ஒரு ஸ்ட்ராங் ஃபில்டர் காபி குடிச்சா, பதினொரு மணிக்கும் பாதி டம்ளர் உள்ளே முழிச்சுக்கிட்டிருக்கு. தூக்கம் வரட்டும்னு சிலர் மது குடிக்கிறாங்க. குடி சீக்கிரம் சாய்ச்சுடும், ஆனா பின்னிரவுத் தூக்கத்தை உடைச்சுப் போட்டுடும்.

[காட்சி: கோடு போட்ட பழைய நோட்டு. பேனாவால எழுதற கை.]

படுத்ததும் நாளைய வேலை எல்லாம் வரிசையா வந்து நிக்குமே, அதுக்கு எனக்கு உதவினது ஒரு நோட்டுதான். அமெரிக்காவுல பெய்லர் பல்கலைக்கழகத்துல 57 பேரை வச்சு ஒரு ஆய்வு பண்ணி 2018-ல வெளியிட்டாங்க. படுக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம், பாதிப் பேர் செஞ்சு முடிச்ச வேலைகளை எழுதினாங்க, மீதிப் பேர் இனிமே செய்ய வேண்டியதை எழுதினாங்க. செய்ய வேண்டியதை எழுதினவங்க சராசரியா ஒன்பது நிமிஷம் முன்னாடியே தூங்கிட்டாங்க. அதுலயும் விவரமா எழுதினவங்க இன்னும் சீக்கிரம்.

விவரமான்னா எப்படி? என் நோட்டுல ஒரு பக்கம் காட்டறேன். முதல்ல 'வீட்டு அட்வான்ஸ்'னு எழுதியிருந்தேன். அந்த ஒரு சொல்லைப் பார்த்தாலே வயிறு கலங்கும். அதை அடிச்சுட்டு, 'சனிக்கிழமை பத்து மணிக்கு ஓனருக்குப் போன், பாதியை அடுத்த மாசம் தர்றேன்னு கேக்கணும்'னு எழுதினேன். கடன் ஒரு ரூபாகூட குறையல. ஆனா சனிக்கிழமை பத்து மணி வரைக்கும் அதைத் தலையில சுமக்க வேண்டியதில்ல, நோட்டு சுமக்கும்.

இங்க ஒண்ணை அழுத்திச் சொல்லிடறேன். மூச்சும் நடையும் நோட்டும், நியாயமே இல்லாத வேலைப் பளுவைச் சரி பண்ணாது. ரெண்டு பேர் வேலையை ஒரு ஆள்மேல போட்டுட்டு, 'பிரீதிங் பண்ணுங்க'ன்னு சொல்றது அந்த ஆளுக்குச் செய்யற அநியாயம். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி", கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கன்னு இந்த ஊர்ல கன்னடத்துல அன்பாச் சொல்வாங்க. பஸ் சீட்டுக்கு அது சரி. ராத்திரித் தூக்கத்தை அட்ஜஸ்ட் பண்ணக் கூடாது. நான் என் மேனேஜர்கிட்ட, "ஒன்பது மணிக்கு மேல மெசேஜ் பார்க்க மாட்டேங்க, நிஜமா அவசரம்னா போன் பண்ணுங்க"ன்னு சொன்னேன். சொல்றதுக்குள்ள கை நடுங்குச்சு. முதல் வாரம் முகம் கொடுத்துப் பேசல. அப்புறம் பழகிட்டார். இதுவரைக்கும் வந்த போன் ரெண்டே ரெண்டு. எல்லாராலயும் இப்படிக் கேட்டுட முடியாதுன்னு தெரியும், ஒப்பந்த வேலையில இருக்கிறவங்களால முடியவே முடியாது. முடியற இடத்துல இருக்கிறவங்களாவது கேளுங்க, உங்களுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கும் சேர்த்து.

[காட்சி: மடிவாளா, வெள்ளிக்கிழமை இரவு. ஊருக்குப் போற பஸ்கள், பையோட நிக்கிற கூட்டம்.]

வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவுல நிக்கிற இந்தக் கூட்டத்துல நானும் நின்னிருக்கேன். ஊருக்குப் போறது மருந்து மாதிரிதான். ஆனா வாரம் பூரா அம்மா போன்ல "சாப்பிட்டியா?"ன்னு கேக்க, "சாப்பிட்டேம்மா"ன்னு மட்டும் சொல்லி வச்சிருப்போம். அவங்க பயந்துடுவாங்கன்னு நாம மறைக்க, நமக்குத் தொந்தரவுன்னு அவங்க மறைக்க, ரெண்டு பக்கமும் எல்லாம் நல்லாத்தான் இருக்கும். நம்ம தமிழ்ல இதுக்கு வார்த்தையா இல்ல? மனசு பாரமா இருக்கு, நெஞ்சை அடைக்குது, எதுலயும் பிடிப்பே இல்ல. இதுல ஒண்ணைச் சொல்லிப் பாருங்க. அம்மாகிட்ட முடியலன்னா அண்ணன்கிட்ட, அக்காகிட்ட, கூடப் படிச்சவங்ககிட்ட சொல்லுங்க.

சோர்வு, அழுகை, எதுலயும் ஆர்வமின்மை, பசியோ தூக்கமோ கெட்டுப்போறது, இதெல்லாம் ரெண்டு வாரத்துக்கு மேல பெரும்பாலான நாள்ல இருந்தா, இனி சொந்த முயற்சி மட்டும் போதாது, டாக்டரைப் பார்க்கணும். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும்கூட இதே மாதிரி தெரியலாம், அதனால ரத்தப் பரிசோதனையும் வேணும். நெஞ்சுவலி வந்தா டென்ஷன்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. வாழவே வேண்டாம்னு தோணுச்சுன்னா ரெண்டு வாரக் கணக்கெல்லாம் கிடையாது, அன்னிக்கே, அந்த நிமிஷமே கூப்பிடணும்.

[திரையில் பெரிய எழுத்தில்: டெலி மானஸ் 14416]

யாரைக் கூப்பிடறது? 14416. போன்லயே மனநல ஆலோசனை தர, மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்னிக்குத் தொடங்கின டெலி மானஸ் சேவை. காசு கிடையாது, நாள் முழுக்க உண்டு, இருபது மொழி இருக்கு, அதுல தமிழும் ஒண்ணு. இந்த ஊர்ல நாள் முழுக்க ஆங்கிலமும் கன்னடமும் இந்தியும் பேசிச் சமாளிச்சுடறோம். அழும்போது மட்டும் சொந்த மொழிதான் வருது.

அந்தச் சேவைக்கு நாட்டுக்கே தலைமை மையம் நம்ம ஓசூர் ரோட்டுல இருக்கிற மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ். "உன்னை நிம்ஹான்ஸ்ல சேர்க்கணும்"னு நாம கேலியாச் சொல்லி வச்சிருக்கோமே, அதே இடம். அந்தக் கேலியை நிறுத்திடுவோம், ஏன்னா அதைக் கேட்டு வளர்ந்தவங்கதான் தனக்குத் தேவைப்படும்போது போகக் கூசறாங்க. மனநலத்தோட நரம்பியலும் சேர்ந்து 1974-ல உருவான நிறுவனம் அது. அங்க வரிசையில நிக்கிறவங்கள்ல வலிப்புக்கும் பக்கவாதத்துக்கும் வந்தவங்க நிறையப் பேர். இதுபோக, தினசரி மன அழுத்தத்துக்கு ஆலோசனை கேக்கறவங்களுக்குன்னே பி.டி.எம். லேஅவுட்ல நிம்ஹான்ஸோட நல்வாழ்வு மையமும் இருக்கு. மனநோய்க்கும் உடல் நோய் மாதிரியே காப்பீடு தரணும்னு 2017 மனநலச் சட்டம் சொல்லுது, உங்க பாலிசியை எடுத்து ஒரு தடவை பாருங்க. நிம்ஹான்ஸ் 2015-16-ல நடத்தின தேசிய மனநலக் கணக்கெடுப்புல, நோய் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே போய்ச் சேரலன்னு தெரிஞ்சுது. பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருந்தும் போகாதவங்களும் அதுல இருக்காங்க.

[காட்சி: பி.ஜி. மாடிப்படி. ரெண்டு டீ கிளாஸ்.]

கடைசியா, உங்க ரூம்ல இருக்கிற அந்தத் தம்பியையோ தங்கச்சியையோ கவனிங்க. மெஸ்ஸுக்கு வர்றதை நிறுத்தியிருப்பாங்க, ஊருக்கும் போறதில்ல, கேட்டா "தூக்கம் வருதுக்கா"ன்னு சொல்வாங்க. அறிவுரை எதுவும் வேண்டாம், "இதுக்குப் போயா?"ன்னு மட்டும் கேட்டுடாதீங்க. ரெண்டு டீ வாங்கிட்டுப் போய்ப் படிக்கட்டுல பக்கத்துல உக்காருங்க. "கொஞ்ச நாளா நீ சரியில்லையே, என்னப்பா ஆச்சு?"ன்னு கேட்டுட்டு, டீ ஆறினாலும் பரவாயில்லன்னு காத்திருங்க. பேச ஆரம்பிச்சா நடுவுல குறுக்கிடாம கேளுங்க. போன் பண்ணத் தயங்கினா, நீங்களே நம்பரைப் போட்டு, தமிழைத் தேர்ந்தெடுத்து, அவங்க கையில கொடுங்க.