பாரிஸில் பிள்ளைகளிடம் போகும் பெற்றோருக்கு: ஒரே நாளில் ரயிலில் பிரசெல்ஸ்

[காட்சி: திருகோணமலை ரயில் நிலையம், மாலை]

வணக்கம். திருகோணமலையில் இருந்து கொழும்புக்கு ரயில் பாதை ஏறக்குறைய 300 கிலோமீட்டர். இரவு மெயிலில் ஏறினால் விடியத்தான் கோட்டையில் இறங்குவோம். ஒற்றைப் பாதை, கல்லோயாச் சந்தியில் காத்திருப்பு, யானை கடக்கும் காடு. வேகமாக ஓட்டவும் முடியாது. பாரிஸில் இருந்து பெல்ஜியத்தின் தலைநகர் பிரசெல்ஸுக்கும் ஏறக்குறைய அதே தூரம்தான். அங்கே ரயில் 1 மணி 22 நிமிடத்தில் கொண்டுபோய் விடுகிறது. காலையில் போய், ஊரைப் பார்த்து, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

மகளின் பிள்ளைப்பேற்றுக்கும் பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கும் என்று நம் ஊரில் இருந்து பாரிஸ் போகும் அம்மா அப்பாக்களுக்காகத்தான் இந்த வீடியோ. குளிர், பாஷை தெரியாது, பிள்ளைகளுக்கு வேலை என்று மூன்று மாதமும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். அது எனக்கு உண்மையிலேயே கவலை. லாச்சப்பல் கடைத்தெருவுக்கு எல்லோரும் போகிறார்கள். அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் கார் து நோர் ஸ்டேஷன் இருக்கிறது. பிரசெல்ஸ் ரயில் புறப்படுவது அங்கேதான்.

முதல் கேள்வி எப்போதும் வீசாதான். பிரான்ஸ் கொடுத்த ஷெங்கன் வீசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான வீசா, பெல்ஜியத்துக்கும் செல்லும். தனியாக விண்ணப்பம் வேண்டாம், தனிக் கட்டணமும் இல்லை. வீசாவுக்காக எடுத்த பயணக் காப்புறுதியும் ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும் பொருந்தும். ஒற்றை நுழைவு வீசா என்றாலும் பயப்பட வேண்டாம். பெல்ஜியம் போவது ஷெங்கனை விட்டு வெளியேறுவதாகக் கணக்கில் வராது. ஆனால் கடவுச்சீட்டு கையில் இருக்க வேண்டும், நகல் போதாது. எல்லையில் ரயில் நிற்பதில்லை என்றாலும் இடைக்கிடை சோதனை வரும்.

[காட்சி: கார் து நோர், மேல்தளம்]

இந்த இடத்தில் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். இதே ஸ்டேஷனில் இருந்துதான் லண்டன் ரயிலும் போகிறது. இரண்டு ரயிலுக்கும் யூரோஸ்டார் என்றுதான் பெயர். லண்டனுக்குப் போகிறவர்கள் மேல்தளத்துக்குப் போய்க் கடவுச்சீட்டுச் சோதனை முடித்துத்தான் ஏற வேண்டும். பிரித்தானியா ஷெங்கனில் இல்லை. தனி வீசா வேண்டும். ஒற்றை நுழைவு வீசாவில் வந்தவர், பிரித்தானிய வீசா இருக்கிறதே என்று லண்டன் போனால், அந்த ஷெங்கன் வீசாவில் பாரிஸுக்குத் திரும்பி வர முடியாது. பிரசெல்ஸ் ரயிலுக்கு மேல்தளம் போகத் தேவையில்லை. கீழே சாதாரண மேடையில்தான் நிற்கும்.

கூட வரும் பிள்ளைகளின் ஆவணத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிரான்சின் செல்லுபடியாகும் வதிவிட அட்டையும் கடவுச்சீட்டும் இருந்தால் பிரச்சினை இல்லை. அகதி விண்ணப்பம் முடிவாகாமல் இருப்பவருக்கு அந்தத் தற்காலிகக் கடிதம் நாட்டைத் தாண்டிப் போக உதவாது. அவரை வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

டிக்கெட் விமான டிக்கெட் மாதிரி. முன்கூட்டியே எடுத்தால் மலிவு, கடைசி நேரத்தில் விலை பல மடங்கு. சனி, ஞாயிறை விட்டு வாரநாள் பாருங்கள். சாதாரணப் பாதையில் மூன்று மணி நேரம் ஓடும் மலிவு ரயில் ஒன்றையும் 2024 டிசம்பரில் தொடங்கினார்கள். ஒருநாள் பயணத்துக்கு எனக்கு அது சரிவராது. போக வரவே ஆறு மணி நேரம் போய்விடும்.

வேகத்துக்குக் காரணம் தனிப் பாதை. பாரிஸில் இருந்து வடக்கே 1993இல் திறந்த அதிவேகப் பாதை 1997 டிசம்பரில் பிரசெல்ஸ் பக்கம் வரை முழுமையானது. கடவையே இல்லாத அந்தப் பாதையில் 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். எல்லை தாண்டியதை ஃபோனுக்கு வரும் எஸ்எம்எஸ்தான் சொல்லும். பிரெஞ்சு சிம் அங்கேயும் மேலதிகக் கட்டணம் இல்லாமல் வேலை செய்யும். இடியப்பப் பார்சல் கட்டிக்கொண்டு ஏறலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

[காட்சி: பிரசெல்ஸ், கிரான்ட் பிளாஸ் சதுக்கம்]

இறங்குவது பிரசெல்ஸ் மிதி (Midi) ஸ்டேஷன். பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து உள்ளூர் ரயிலில் சில நிமிடத்தில் சென்ட்ரல் ஸ்டேஷன், பிறகு ஐந்து நிமிட நடை. கிரான்ட் பிளாஸ் வந்துவிடும்.

இந்தச் சதுக்கத்தில் அவசரப்படாதீர்கள். 1695இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் படை இந்த ஊர்மீது குண்டு பொழிந்தது. சுற்றியிருந்த வீடுகள் எரிந்து விழுந்தன. நகர மண்டபத்தின் கோபுரம் மட்டும் தப்பி நின்றது. ஊரின் வணிகர், கைவினைஞர் சங்கத்தார் சில ஆண்டுகளிலேயே எல்லாவற்றையும் திரும்பக் கட்டினார்கள். இன்று தங்கப் பூச்சோடு நிற்பவை அவைதான். ஊர் எரிந்து மீண்டும் எழும்புவது என்றால் என்ன என்று நம் பெற்றோருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. இந்தக் கதையை அவர்களிடம் அங்கேயே நின்று சொல்லுங்கள். கோபுரத்தை நேராகப் பார்த்தால் அது கட்டடத்தின் நடுவில் இல்லை என்பது தெரியும். வலப்பக்கம் குட்டை, இடப்பக்கம் நீளம். 1998இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது.

பக்கத்துத் தெருவில் சிறுநீர் கழிக்கும் சிறுவனின் வெண்கலச் சிலை. முழங்கால் உயரத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். தெருவில் இருப்பது நகல், அசல் சதுக்கத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அணு வடிவில் கட்டிய 102 மீட்டர் உயர அட்டோமியம் ஊருக்கு வெளிப்பக்கம், மெட்ரோவில் போக வேண்டும். வயதானவர்களோடு போகிறவர்கள் அதை விட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

சாப்பாட்டில் ஒரு விஷயம். பெல்ஜிய உருளைக்கிழங்குப் பொரியலை இரண்டு தடவை பொரிப்பார்கள், ருசி அபாரம். ஆனால் பல கடைகளில் பொரிப்பது மாட்டுக் கொழுப்பில். கோணேசர் கோயிலுக்கு விரதம் பிடிக்கிற அம்மா, மரக்கறிதானே என்று வாங்கிவிடக் கூடாது. எந்த எண்ணெய் என்று பிள்ளைகள் கேட்டுச் சொல்லட்டும். வாஃபிளில் முட்டை சேரும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். மே முதல் செப்டம்பர் வரை போவதுதான் நல்லது. திரும்பும் ரயிலை மாலை ஏழு மணிக்குப் பிறகு எடுங்கள். பாரிஸில் இருக்கும் பிள்ளைகளே, அம்மா அப்பாவுக்கு வீசா கிடைத்த செய்தி வந்த அன்றே போக, வர இரண்டு டிக்கெட்டையும் எடுத்து வையுங்கள். அப்போதுதான் விலை கைக்கு அடங்கும்.