பிலடெல்பியா இரண்டு முறை பணத்தைக் கொட்டியது, ஒரு முறை ஆளைப் பார்த்து எடுத்தது

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையில் கூடியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணி தன் பின்வரிசையைத் திரும்பக் கட்ட வேண்டுமானால், நட்சத்திரங்களுக்குப் பணத்தைக் கொட்டுவதா, குறைந்த சம்பளத்தில் கிடைக்கும் ஃப்ரீ ஏஜென்டுகளைத் தேடி எடுப்பதா என்பதுதான் தலைப்பு. தேடி எடுப்பதே சரி என்று பேச வந்திருக்கிறேன்.

இந்த ஆட்டத்தை அவ்வளவாகப் பார்க்காதவர்களும் இங்கே இருக்கிறீர்கள். எதிரணியில் பந்து வீசி ஆட்டத்தை நடத்துபவர் குவாட்டர்பேக். அவர் வீசும் பந்தை அவருடைய ஆட்கள் பிடிக்க விடாமல் தடுக்கிற நான்கைந்து பேர்தான் பின்வரிசை. ஓரங்களில் ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு ஓடுபவர்கள் கார்னர்பேக். கடைசிக் காவலாகப் பின்னால் நிற்பவர்கள் சேஃப்டி. ஒப்பந்தம் முடிந்து, எந்த அணிக்கு வேண்டுமானாலும் போகலாம் என்று இருப்பவர் ஃப்ரீ ஏஜென்ட். அப்புறம், எல்லாவற்றையும் விட முக்கியமானது சம்பள உச்சவரம்பு. ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து இந்த வரம்புக்குள்தான் கணக்குப் போட வேண்டும். 2017இல் அது 16.7 கோடி டாலர். ஓரிடத்தில் அள்ளிக் கொடுத்தால் இன்னோர் இடத்தில் கையைக் கட்டிக்கொண்டாக வேண்டும். எனக்கு முன்னால் பேசிய நண்பர் நட்சத்திரங்களின் பட்டியலை நீளமாகச் சொன்னார், இந்த வரம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கார்னர்பேக் டியான் சாண்டர்ஸை 1995இல் டல்லஸ் அணி 7 ஆண்டுக்கு 3.5 கோடி டாலர் கொடுத்து எடுத்தது, அந்த சீசனிலேயே இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றது என்றார். உண்மைதான். அதற்கு முந்தைய ஆண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1994இல் அதே டியான் சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரே ஓர் ஆண்டு ஒப்பந்தத்தில், 10 லட்சம் டாலரைச் சற்றே தாண்டிய சம்பளத்துக்குப் போனார். அந்த ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் வாங்கினார், சூப்பர் பவுலும் வென்றார். அவர் தலைமுறைக்கு ஒருவர், அவரை வைத்து நானும் வாதாட மாட்டேன், நீங்களும் வாதாடாதீர்கள். சாதாரண அணிக்கு, சாதாரண ஆண்டில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அதற்குப் பிலடெல்பியா ஈகிள்ஸை விட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது, ஏனென்றால் அந்த அணி இரண்டு வழியிலும் போய்ப் பார்த்துவிட்டது.

2011. ஓக்லாந்தில் ஆடிய கார்னர்பேக் நம்டி அசோமுவா அப்போது சந்தையிலேயே பெரிய பெயர். பிலடெல்பியா 5 ஆண்டுக்கு 6 கோடி டாலர் தருவதாகச் சொல்லி அவரை எடுத்தது. ஏற்கெனவே அசாந்தே சாமுவேல் இருந்தார். குவாட்டர்பேக் கெவின் கோல்பைக் கொடுத்து டொமினிக் ரோஜர்ஸ்-குரோமார்ட்டியையும் வாங்கினார்கள். மூன்று நட்சத்திர கார்னர்பேக்குகள் ஒரே அணியில். ‘ட்ரீம் டீம்’ என்ற பேச்சுகூடக் கிளம்பியது. அந்த சீசன் முடிவு 8 வெற்றி, 8 தோல்வி. அடுத்த சீசன் 4 வெற்றி, 12 தோல்வி. பயிற்சியாளர் ஆண்டி ரீட் வேலை இழந்தார். 2013 மார்ச்சில் அசோமுவாவையும் விடுவித்தார்கள்.

அசோமுவா மோசமான ஆட்டக்காரரா? இல்லை, நடுவர் அவர்களே. ஓக்லாந்தில் அவர் ஒரு பக்கத்தில் நின்று, எதிரே வருபவரை ஆரம்பக் கோட்டிலேயே கையால் மறித்து, கடைசிவரை ஒட்டிக்கொண்டு ஆடினார். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அந்தப் பக்கமே பந்து வீச எதிரணிகள் தயங்கின. பிலடெல்பியாவில் அவரை அங்கும் இங்கும் நகர்த்தினார்கள், இடத்தைக் காக்கும் ஸோன் ஆட்டம் ஆட வைத்தார்கள். தடுப்பாட்டத்தை வகுத்தவரோ அதுவரை தாக்குதல் வரிசைக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த ஹுவான் காஸ்டியோ. ஓக்லாந்தில் ஆடிய ஆட்டத்துக்குத்தான் அந்த 6 கோடி. பிலடெல்பியாவில் கொடுத்த வேலை வேறு. கார்னர்பேக்கின் திறமை எந்த அணிக்குப் போனாலும் அப்படியே கூட வரும் என்று நினைத்துப் பணம் கொடுப்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. அந்தத் திறமையில் பாதி, முன்னால் இருப்பவர்கள் குவாட்டர்பேக்கை எவ்வளவு சீக்கிரம் நெருங்குகிறார்கள் என்பதில் இருக்கிறது. மீதியில் பெரும்பங்கு, என்ன வேலை கொடுக்கிறார்கள் என்பதில்.

அடுத்து, என் பக்கத்துக்குப் பாதகமான ஒன்றையும் நானே சொல்லிவிடுகிறேன். 2013இல் அதே அணி நடுத்தர விலைக்கு கேரி வில்லியம்ஸையும் பிராட்லி ஃபிளெட்சரையும் கார்னர்பேக்குகளாகக் கொண்டுவந்தது. முதல் சீசனில் பிரிவை வென்றார்கள், ஆனால் எதிரணிகளின் பந்து வீச்சுக்கு யார்டுகளை வாரி வழங்கினார்கள். 2014 டிசம்பரில் டல்லஸுக்கு எதிரான ஆட்டத்தில் டெஸ் பிரையன்ட் மூன்று டச் டவுன் (பந்தை எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) அடித்தார், ஃபிளெட்சர் பட்ட பாட்டைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. குறைந்த விலை ஆட்டக்காரரும் தோற்பார். மறுக்கவில்லை. ஆனால் தோற்றபோது அணிக்கு என்ன நஷ்டம்? 2015க்கு இருவரும் அணியில் இல்லை, கதை முடிந்தது. அந்த 2014 சீசனில்கூட 10 வெற்றி இருந்தது.

அதைப் பார்த்து பயந்துபோய் பிலடெல்பியா என்ன செய்தது தெரியுமா? 2015 மார்ச்சில் சியாட்டிலின் கார்னர்பேக் பைரன் மேக்ஸ்வெல்லுக்கு 6 ஆண்டு, 6.3 கோடி டாலர் ஒப்பந்தம். அவரை சியாட்டில் 2011இல், புதுமுகங்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் 6ஆவது சுற்றில் எடுத்தது. அதாவது மலிவாக எடுத்து, வளர்த்து, சூப்பர் பவுலும் வென்று, விலை ஏறியதும் விட்டுவிட்டது. ஏறிய விலையைக் கொடுத்தது பிலடெல்பியா. முதல் ஆட்டம் அட்லாண்டாவுடன். அட்லாண்டாவின் ஹூலியோ ஜோன்ஸ் 9 பந்து பிடித்தார், 141 யார்டு, 2 டச் டவுன். அணி 26-24 என்று தோற்றது. சீசன் 7 வெற்றி, 9 தோல்வி. ஒரே ஆண்டில் மேக்ஸ்வெல்லை மயாமிக்கு அனுப்பினார்கள். தனியாக அனுப்பினால் அந்த ஒப்பந்தத்தை யார் ஏற்பார்கள்? கிகோ அலோன்சோவையும் சேர்த்துக் கொடுத்துத்தான் டிராஃப்டில் 13ஆம் இடத்திலிருந்து 8ஆம் இடத்துக்கு ஏறினார்கள்.

இனி அடுத்த முயற்சி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இந்தத் தலைப்பின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

அதன் முதல் கல் 2014இலேயே விழுந்துவிட்டது. நியூ ஆர்லியன்ஸில் ஒப்பந்தம் முடிந்த சேஃப்டி மால்கம் ஜென்கின்ஸை 3 ஆண்டுக்கு ஏறக்குறைய 1.5 கோடி டாலருக்கு பிலடெல்பியா எடுத்தது. அதே மார்ச்சில் நியூ ஆர்லியன்ஸ் அந்த இடத்துக்கு ஜைரஸ் பேர்டை 6 ஆண்டு, 5.4 கோடி டாலருக்கு எடுத்தது. பேர்ட் முதல் சீசனிலேயே காயத்தில் உட்கார்ந்தார், 2017இல் விடுவிக்கப்பட்டார். ஜென்கின்ஸ் பிலடெல்பியா பின்வரிசைக்கே தலைவர் ஆனார். சேஃப்டியாக நிற்பார், கார்னர்பேக் அடிபட்டால் உள்ளே வந்து ஆள் பிடிப்பார், ஓட்டத்தைத் தடுக்க முன்வரிசை வரைக்கும் இறங்குவார். ஒரு சம்பளத்தில் மூன்று பேர் வேலை.

2017க்கு வருவோம். அந்த மார்ச்சில் பேட்ரிக் ராபின்சன் என்று ஒருவரை ஓராண்டு ஒப்பந்தத்தில், அனுபவமுள்ளவருக்குத் தரும் குறைந்தபட்சத்தை ஒட்டிய சம்பளத்தில் சேர்த்தார்கள். 2010இல் முதல் சுற்றில் தேர்வானவர், அதன்பின் நியூ ஆர்லியன்ஸ், சான் டியேகோ, இண்டியானாபொலிஸ் என்று மூன்று அணி பார்த்துவிட்டார். கோடைப் பயிற்சி முகாமில் ஓரத்தில் நிறுத்தினார்கள், தடுமாறினார். இவரைக் கழித்துவிடுவார்கள் என்றே பலரும் நினைத்தார்கள். ஓரத்தில் முடியாதவரை உள்பக்கம், ஸ்லாட் என்கிற இடத்துக்கு மாற்றினார்கள். அங்கே அவர் வேறு ஆளாகிவிட்டார். சீசனில் 4 இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி வீசிய பந்தை 4 முறை தானே பிடித்தார்.

அவருக்குப் பக்கத்தில் நின்றவர்கள் யார்? 7ஆவது சுற்றில் வந்த ஜேலன் மில்ஸ். ஆகஸ்டில் ஓராண்டுக்குச் சேர்ந்த மூத்த சேஃப்டி கோரி கிரஹாம். புதுமுகம் ரசூல் டக்ளஸ். ராட்னி மெக்லவுட் மட்டும் மலிவு இல்லை, 2016இல் 3.7 கோடி டாலருக்கு வந்தவர், அதை ஒளிக்க மாட்டேன். பஃபலோவிலிருந்து பண்டமாற்றில் வந்த ரொனால்ட் டார்பி முதல் ஆட்டத்திலேயே கணுக்கால் பிசகி வெளியேறினார், நவம்பர் வரை வரவில்லை. அந்த இடைவெளியில் இந்த எளிய ஆட்களை வைத்துக்கொண்டே அணி தொடர்ந்து வென்றது. சீசன் முடிவு 13 வெற்றி, 3 தோல்வி.

எப்படி முடிந்தது? பின்னால் மிச்சம் பிடித்ததை முன்னால், குவாட்டர்பேக்கை விரட்டும் முன்வரிசையில் போட்டார்கள். 2016இல் ஃபிளெட்சர் காக்ஸுக்கு 10 கோடி டாலரைத் தாண்டிய ஒப்பந்தம். பிராண்டன் கிரஹாம், டெரெக் பார்னெட், குறைந்த விலைக்கு வந்த கிறிஸ் லாங் (தன் 2017 அடிப்படைச் சம்பளம் 10 லட்சம் டாலரையும் கல்விக்காகக் கொடுத்த பெரிய மனசுக்காரர் அவர்) என்று மாற்றி மாற்றி இறக்கினார் தடுப்பாட்டத்தை வகுத்த ஜிம் ஷ்வார்ட்ஸ். குவாட்டர்பேக்குக்கு யோசிக்க நேரம் இல்லாதபோது, பின்னால் நிற்பவர் அரை நொடி குறைவாகக் காத்தால் போதும்.

2018 ஜனவரி 21, மின்னசோட்டாவுடன் சூப்பர் பவுலுக்கு முந்தைய ஆட்டம். பந்து கிடைத்த முதல் தடவையிலேயே மின்னசோட்டா 7-0. பிலடெல்பியா மைதானம் அடங்கிப்போனது. அடுத்த தடவை அவர்களிடம் பந்து வந்தபோது குவாட்டர்பேக் கேஸ் கீனம் பந்தை வீசக் கையைத் தூக்குகிறார், கிறிஸ் லாங் வந்து கையை இடிக்கிறார். பந்து காற்றில் தள்ளாடிக்கொண்டு வந்து ராபின்சன் கையில் விழுகிறது. அவர் ஓரமாக ஓடத் தொடங்கி, வழியில்லை என்று தெரிந்ததும் திரும்பி, மைதானத்தைக் குறுக்கே வெட்டி மறுபக்கம் போய், 50 யார்டு ஓடி டச் டவுன். கடைசியில் 38-7. அந்த ஸ்கோருக்கெல்லாம் திருப்பம் அந்த ஓட்டம்தான். முன்வரிசையின் கையும் பின்வரிசையின் காலும் சேர்ந்து செய்த வேலை அது. பட்ஜெட்டில் போட்ட கணக்கை மைதானத்தில் கண்ணால் பார்த்தோம்.

அதற்கு முந்தைய வாரம் அட்லாண்டா வந்திருந்தது. மேக்ஸ்வெல்லைக் கதறடித்த அதே ஹூலியோ ஜோன்ஸ். பிலடெல்பியா 15-10 என்று முன்னிலை, அட்லாண்டாவுக்கு நான்காவது, கடைசி முயற்சி, கோட்டுக்கு 2 யார்டு. எதிரே ஜேலன் மில்ஸ். ஜோன்ஸ் வழுக்கி விழுந்து எழுந்தார், பந்து அவர் கையைத் தாண்டிப் போனது. வழுக்கியது அதிர்ஷ்டம் என்பீர்கள், இருக்கட்டும். அந்த அதிர்ஷ்டத்துக்குப் பக்கத்தில் நிற்க 6.3 கோடி தேவைப்படவில்லை.

நண்பர் கார்னர்பேக் டேரல் ரெவிஸைச் சொன்னார், 2014இல் நியூ இங்கிலாந்து அவருக்குப் பெரும் பணம் கொடுத்துக் கோப்பை வென்றதைச் சொன்னார். ரெவிஸ் நன்றாகவே ஆடினார். ஆனால் அந்தக் கோப்பையைக் காப்பாற்றிய பந்தைப் பிடித்தவர் யார்? 1 யார்டு கோட்டில், அரை நிமிடம்கூட மீதி இல்லாத நேரத்தில் பாய்ந்து பிடித்தவர் மால்கம் பட்லர். டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காமல், சோதனைக்கு வந்து பார் என்று அழைக்கப்பட்டு இடம் பிடித்தவர். அவர் பாய வழிவிட்டு, முன்னால் நின்ற சியாட்டில் ஆட்டக்காரரை நகர விடாமல் மறித்தவர் பிராண்டன் பிரவுனர். அவரும் டிராஃப்டில் விடுபட்டு, கனடா லீக்கில் ஆடி, 2011இல் சியாட்டில் கண்டெடுத்தவர்.

கடைசியாக அவர் எடுத்த அஸ்திரம், பிலடெல்பியா வென்ற அந்த சூப்பர் பவுலில் நியூ இங்கிலாந்தின் குவாட்டர்பேக் டாம் பிரேடி 505 யார்டு வீசினார் என்பது. ஆமாம், வீசினார், சூப்பர் பவுல் சாதனை அது. ஆனால் அன்று எதிர்ப்பக்கம் நின்ற பின்வரிசையையும் பாருங்கள். 6.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் வந்த ஸ்டெஃபான் கில்மோர் அங்கே இருந்தார். கில்மோர் நல்ல கொள்முதல், அடுத்த ஆண்டு சூப்பர் பவுலில் அவர் பிடித்த பந்தை நானும் கைதட்டிப் பார்த்தேன். ஆனால் அன்று இரவு மாற்று ஆளாக வந்த குவாட்டர்பேக் நிக் ஃபோல்ஸ் அந்தப் பின்வரிசைக்கு எதிராக 373 யார்டு வீசினார், அணி 41 புள்ளி எடுத்தது. இரண்டு பின்வரிசையும் கிழிந்த இரவில் ஆட்டத்தை முடித்தது, பிரேடி கையிலிருந்து பிராண்டன் கிரஹாம் தட்டிவிட்ட பந்து. முன்வரிசைக்காரர் அவர்.

2018 மார்ச்சில் ராபின்சனுக்கு நியூ ஆர்லியன்ஸ் 4 ஆண்டு, 2 கோடி டாலர் கொடுத்தது. பிலடெல்பியா வாழ்த்தி அனுப்பிவிட்டது. 2018இல் பின்வரிசையில் ஒருவர் மாற்றி ஒருவர் காயப்பட, நவம்பரில் டெட்ராய்ட் கழித்துவிட்ட கிரேவான் லெப்லாங்க்கை எடுத்துப் போட்டார்கள். ஜனவரியில், தோற்றால் வெளியேற வேண்டிய பிளே ஆஃப் ஆட்டம், நியூ ஆர்லியன்ஸ் மைதானம். அந்த ஊர் அணியின் குவாட்டர்பேக் ட்ரூ பிரீஸ் வீசிய முதல் பந்தையே பிடித்தவர் அந்த லெப்லாங்க். பிலடெல்பியா 20-14 என்று தோற்றது. ஆனால் தோற்ற அந்த ஆட்டத்திலும், அத்தனை பேர் காயத்தில் இருந்தும், பிரீஸை 20 புள்ளியில் நிறுத்தியது இரண்டு மாதத்துக்கு முன் தெருவில் நின்ற ஆட்களை வைத்துக் கட்டிய பின்வரிசை. அதே காயங்கள் 2011 அணிக்கு வந்திருந்தால், மூன்று நட்சத்திரங்களுக்கும் சம்பளம் போய்க்கொண்டிருக்கும்போது நான்காவது ஆளை எங்கிருந்து எடுத்திருப்பார்கள் என்று எதிரணி நண்பர் தன் பதிலுரையில் சொல்லட்டும்.

நன்றி, வணக்கம்.