தாடையில 'டக்'னு சத்தம், காதோரம் வலி: மாத்திரைக்கு முன்னாடி 'ன்' சொல்லிப் பாருங்க!

[காட்சி: காதுக்கு முன்னால் வைத்த விரல், மிக நெருக்கத்தில்]

காதுக்கு முன்னாடி ஒரு விரக்கடை தள்ளி விரலை வைங்க. மெதுவா வாயைத் திறந்து மூடுங்க. விரலுக்கு அடியில ஒரு குமிழ் முன்னாடி நழுவிட்டுத் திரும்பி வருதா? அதுதான் தாடை மூட்டு. கொட்டாவி விட்டா அங்க 'டக்'குங்குது, காலையில எழுந்தா கன்னம் இறுகிக் கிடக்கு, காதுவலின்னு போனா "காது நல்லாத்தானே இருக்கு"ன்னு டாக்டர் சொல்றார். பத்தாவது, ப்ளஸ் டூ படிக்கிற வயசுல நிறைய பேருக்கு இருக்கிற பிரச்சினை இது. வயசுக்கு வந்த பொண்ணுங்களுக்கு இன்னும் அதிகம்.

அந்த 'டக்' எங்கிருந்து வருது? சும்மாடு பார்த்திருக்கீங்களா? தலையில குடம் தூக்குறவங்க துணியைச் சுருட்டி வைப்பாங்களே, அது. நடுவுல பள்ளம், ஓரத்துல தடிப்பு. உங்க தாடை மூட்டுக்குள்ள அச்சு அசலா அதே வடிவத்துல ஒரு மெத்தை இருக்கு! தாடை எலும்போட உருண்டைதான் தலை, மேல மண்டையோட்டு எலும்புதான் குடம், நடுவுல இந்தச் சும்மாடு. வாயைத் திறக்க ஆரம்பிக்கும்போது உருண்டை இருந்த இடத்துலயே சுழலும். இன்னும் அகலமாத் திறந்தா சும்மாட்டையும் கூட்டிக்கிட்டு முன்னாடி வழுக்கும்.

சிலருக்கு இந்தச் சும்மாடு முன்பக்கமா சரிஞ்சிருக்கும். வாயைத் திறக்கும்போது உருண்டை அதோட தடிச்ச ஓரத்தைத் தாண்டி உள்ள போய் உட்காரும். அதுதான் 'டக்'. மூடும்போது மறுபடி வெளிய நழுவும், சின்னதா இன்னொரு 'டக்'. வலி இல்லாம, வாயும் முழுசாத் திறந்தா, அந்தச் சத்தத்துக்கு வைத்தியமே வேண்டாம். ஆனா ஃப்ரெண்ட்ஸுக்குக் காட்டுறேன்னு வேணும்னே சொடுக்காதீங்க.

[திரையில் மூன்று எழுத்துகள்: ந, ன, ண]

இப்ப வலிக்கு வருவோம். இந்த வயசுல பெரும்பாலும் வலிக்கிறது மூட்டை விட, அதை இழுக்கிற தசைதான். பல்லைக் கடிச்சுப் பாருங்க, கன்னத்துல புடைக்குதே, அந்தத் தசை. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒண்ணை ஒண்ணு தொடவே கூடாது. நம்ம என்ன பண்றோம்? கணக்கு போடும்போது, கேம் ஆடும்போது, பல்லை இறுக்கிக்கிட்டே உட்கார்ந்திருக்கோம். தசைக்கு ஓய்வே கிடைக்கிறதில்ல.

அதுக்குத் தமிழ்லயே மருந்து இருக்கு. 'ந்' சொல்லுங்க, நாக்கு நுனி பல்லைத் தொடும். 'ண்' சொல்லுங்க, நாக்கு மடிஞ்சு மேல போகும். இப்ப 'ன்ன்ன்'னு இழுங்க. மேல்பல்லுக்குப் பின்னாடி இருக்கிற மேட்டுல நாக்கு வந்து நிக்குது, பல் ரெண்டும் பிரிஞ்சிருக்கு. தாடை ஓய்வா இருக்க வேண்டிய நிலை இதேதான்! அப்படியே உதட்டை மட்டும் மூடி, மூக்கால மூச்சு விடுங்க. மூணு எழுத்துல ரெண்டு தப்பான இடத்துக்குப் போகும், றன்னகரம் மட்டும் சரியான இடத்துல நிக்கும். எனக்கு இந்த உடம்பு விஷயத்துலயே ரொம்பப் பிடிச்சது இதுதான்.

படிக்கிற மேசையில ஒரு ஸ்டிக்கர் பொட்டு, ஃபோன் பின்னாடி ஒரு பொட்டு ஒட்டுங்க. கண்ணுல படும்போதெல்லாம் 'ன்'. அதே நிலையில, நாக்கை எடுக்காம எவ்வளவு முடியுமோ அவ்வளவு மட்டும் வாயைத் திறந்து மூடுங்க. ஒரு தடவைக்கு 6, ஒரு நாளைக்கு 6 தடவை. நாக்கு மேல ஒட்டியிருக்கிறதால உருண்டை சுழல மட்டும் செய்யும், முன்னாடி வழுக்காது. அதனால சும்மாட்டை உலுக்காம தசை பழகும். வலி கூடினா நிறுத்திடுங்க.

வெந்நீர்ல நனைச்சுப் பிழிஞ்ச துண்டை, தோல் பொறுக்கிற சூட்டுல, 15 நிமிஷம் கன்னத்துல வைங்க, காலையும் ராத்திரியும். கொட்டாவி வந்தா முஷ்டியை மோவாய்க்கு அடியில முட்டுக் கொடுங்க.

சாப்பாடு? ரெண்டு வாரம் இட்லி, இடியாப்பம், குழைஞ்ச தயிர் சாதம், மசிச்ச பருப்பு. முறுக்கு, கடலை மிட்டாய், கரும்பு, பரோட்டா, காய் பதத்துல இருக்கிற கொய்யா எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். சூயிங் கம்மை மட்டும் ஒரேயடியா விட்டுடுங்க. நகம் கடிக்கிறது, பேனா மூடியைக் கடிக்கிறது, கன்னத்துல கை முட்டுக் கொடுத்துப் படிக்கிறது, குப்புறப் படுக்கிறது, இதுங்களும் அதே ரகம்தான்.

வலி மாத்திரை எடுத்தா உடல் எடைக்கு ஏத்த அளவை டாக்டர்கிட்ட கேட்டுட்டு எடுங்க. காய்ச்சலும் சேர்ந்திருந்தா டெங்குவா இருக்கலாம், ஐபுப்ரோஃபென்ங்கிற வலி மாத்திரை பக்கமே போகாதீங்க. ராத்திரி பல்லுல மாட்டிக்கிட்டுத் தூங்குற உறை, 'நைட் கார்டு'ன்னு ஆன்லைன்ல ரப்பர்ல கிடைக்கும், அதுவும் வேண்டாம். மெத்துன்னு இருக்கிறதால சிலர் இன்னும் அழுத்திக் கடிப்பாங்க. வளர்ற வயசுல அளவெடுத்துச் செஞ்சதுதான் சரி, அதையும் டாக்டர் அப்பப்போ பார்க்கணும். "பல்லை ராவி சரி பண்றேன்"னு யாராவது சொன்னா, ராவின பல் திரும்ப வராது, வேற டாக்டர்கிட்டயும் கேளுங்க.

[காட்சி: வாய்க்குள் நிமிர்த்தி வைத்த மூன்று விரல்கள்]

இதைக் கவனமாக் கேளுங்க. ரொம்ப நாளா இருந்த 'டக்' திடீர்னு நின்னுடுச்சா? சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி உங்க மூணு விரலைச் சேர்த்து, ஒண்ணு மேல ஒண்ணா வர்ற மாதிரி நிமிர்த்தி வாய்க்குள்ள விட்டுப் பாருங்க. மூணும் போனா நல்லது. நேத்து வரைக்கும் மூணு போச்சு, இன்னைக்கு ரெண்டே திணறுதுன்னா, சும்மாடு முன்னாடியே மாட்டிக்கிச்சு, உருண்டையால தாண்ட முடியலைன்னு அர்த்தம். இழுத்துத் திறக்காதீங்க, ஓரிரு நாள்ல டாக்டரைப் பாருங்க. திறந்த வாய் மூடவே முடியலைன்னா அப்பவே ஆஸ்பத்திரி. மோவாய் அடிபட விழுந்திருந்தாலும், கன்னத்துல வீக்கமும் காய்ச்சலும் இருந்தாலும், முகம் ஒரு பக்கமாக் கோணுற மாதிரி தெரிஞ்சாலும் தள்ளிப் போடாதீங்க. காலையில முட்டி, மணிக்கட்டும் விறைச்சு வலிச்சா அதையும் சேர்த்துச் சொல்லுங்க, சிறுவயசு மூட்டுவாதம் தாடையிலயும் வரும்.

அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனா 'ஓரல் மெடிசின்' துறைன்னு கேளுங்க. போகும்போது ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக்கோங்க: எந்தப் பக்கம், எத்தனை வாரமா, காலையில வலியா சாயங்காலமா, எத்தனை விரல் போகுது.