இறந்தாலும் ஆயிரம் பொன்

விழாத் தலைவர் அவர்களே, சிவன் கோயில் அறங்காவலர் அவர்களே, வெயிலையும் பாராமல் தேவகோட்டையிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களே, எனக்குப் போர்த்திய பொன்னாடையைத் தன் கையால் மடித்துக் கொடுத்த ஆச்சி அவர்களே, பங்காளிகளே, தாயபிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

'முன்னோரும் மறுமையும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். மூன்று செய்திகள் சொல்கிறேன்: முன்னோருக்கு நாம் வைக்கும் படைப்பு, வள்ளுவர் வாக்கு, உயிர் போகும் வழியைப் பற்றிச் சைவ சித்தாந்தம் சொல்வது.

படைப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பங்காளிகள் கூடி, இலை போட்டு, புதுப் புடவையும் வேட்டியும் வைத்து, போனவர்களை விழுந்து கும்பிட்ட பிறகுதானே கல்யாண வேலை? ரங்கூனிலும் பினாங்கிலும் கண்மூடியவர்களையும் நாம் விடவில்லை. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். வள்ளுவரும் இல்வாழ்வான் ஓம்ப வேண்டிய ஐவரில் தென்புலத்தாரை, அதாவது போன முன்னோரைத்தான் முதலில் வைத்தார். தெய்வம்கூட அப்புறம்தான்.

சரி, என் அப்பத்தா கதைக்கு வருகிறேன். 81 வயது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தவர். கடைசி வாரம் வரை பனையோலையை நனைத்து வைத்துக்கொண்டு கொட்டான் கூடை பின்னினார். ஒருநாள் விடியற்காலை நாலு மணிக்குப் போய்விட்டார். வீட்டு வளவில் கிடத்தியிருக்கிறோம். கண் வங்கிக்குப் போன் செய்ய எழுந்தேன். சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ண எடுத்துட்டா ஆத்தாவுக்கு மேல போற வழி எப்படிடா தெரியும்?" என்று அழுகிறார். பெற்ற பிள்ளையின் பாசம் அது. எனக்குப் பதில் வரவில்லை. ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். நேரம் போய்க்கொண்டே இருக்கிறது.

சுவரோரம் சாய்ந்திருந்தார் அப்பத்தாவின் நாத்தனார். தொண்ணூறைத் தொட்டவர். மெல்லச் சொன்னார்: "கண்ணக் குடுத்த கண்ணப்பரு வழி தெரியாமயா போனாரு? சாமி தன் வலப்பக்கத்துலல்ல நிக்கச் சொன்னாரு?"

சித்தப்பா கையை விட்டார். மின்விசிறியை நிறுத்தினோம். இமையை மூடி ஈரப் பஞ்சு வைத்தோம், தலைக்கு இரண்டு தலையணை. ஏழு மணிக்குக் கண் வங்கிக்காரர்கள் வந்தார்கள். இருபது நிமிடம்தான். கருவிழியை எடுத்த பிறகும் முகம் அதே முகம். சித்தப்பா குனிந்து உற்றுப் பார்த்தார். கலைந்திருந்த திருநீற்றைத் தானே மறுபடி பூசிவிட்டார். இரண்டு பேருக்குப் பொருத்தியதாகப் பின்னால் தகவல் வந்தது. அடுத்த படைப்பில் அப்பத்தாவுக்கு வைத்த புடவைக்குப் பக்கத்தில், பாதியில் நின்ற அந்தக் கொட்டானையும் வைத்தோம்.

யானை இறந்தாலும் ஆயிரம் பொன் என்கிறோமே, மனுஷனுக்கு அந்தப் பொன் இந்த இரண்டு கண்தான் ஐயா! கண்ணாடி போட்டவர், சர்க்கரை உள்ளவர், புரை எடுத்தவர் எல்லோரும் கொடுக்கலாம். வயது தடையில்லை. ஆனால் எழுதி வைத்தால் மட்டும் போதாது. அந்த நேரத்தில் வீட்டார் சம்மதித்தால்தான் நடக்கும். இன்று ராத்திரி சாப்பிடும்போதே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சித்தாந்தத்தை இன்னொரு மேடையில் பேசுகிறேன். படிவங்கள் வாசலில் மேசை மேல் இருக்கின்றன. மேசைக்குப் பின்னால், வெள்ளை வேட்டியில், பேனாவோடு உட்கார்ந்திருப்பவர்தான் என் சித்தப்பா.