வேப்பங்கொட்டைச் சாறு சாம்பல் நோயைக் கேட்குமா?

அடுத்த கேள்வி, நெல் தரிசில் உளுந்து விதைத்த ஒருவருடையது. இலையில் வெள்ளைப் பொடியாகப் படியும் பூசண நோயான சாம்பல் நோயால் பாதி வயல் வெளுத்த பிறகு வேப்பங்கொட்டைச் சாறு அடித்திருக்கிறார். "நோய் கேட்கவில்லை. பூசணக்கொல்லிக்கு இது மாற்றுதானா, இல்லை வெறும் பேச்சா?" என்று கேட்கிறார்.

மாற்றுதான் ஐயா, நீங்கள் அடித்த நாள்தான் தவறு. கார்பன்டசிம் என்ற பூசணக்கொல்லி இலைக்குள் ஊடுருவும். நோய் சற்று முந்திக்கொண்டாலும் துரத்திப் பிடிக்கும். வேப்பஞ்சாறு பெரும்பாலும் இலையின் மேலேயே வேலை செய்யும். காற்றில் வந்து விழுகிற பூசண வித்து முளைக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். வெளுத்துப்போன இலையைத் திரும்பப் பச்சையாக்காது. தை, மாசிப் பனியில் தினமும் வயலுக்குள் இறங்கி இலையைப் பாருங்கள். நாலைந்து வெள்ளைத் திட்டு கண்ணில் பட்ட உடனே முதல் தெளிப்பு, பத்து நாள் கழித்து இரண்டாவது. 5 சதவீதக் கொட்டைச் சாறு அல்லது 3 சதவீத வேப்பெண்ணெய் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. தைல மர இலைச்சாறு 10 சதவீதமும் அதில் உண்டு.

பத்து லிட்டர் டேங்குக்கு அரைக் கிலோ பருப்பு வேண்டும். ஓடு நீக்கிய பருப்பைச் சொல்கிறேன். புண்ணாக்கைக் கரைத்து ஊற்றிவிட்டு வேம்பைத் திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்! இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பத்து லிட்டராக்குங்கள். காதி சோப்பைக் கொஞ்சம் கரைத்துச் சேர்க்க மறக்காதீர்கள், இல்லையென்றால் இலையில் ஒட்டாமல் உருண்டு ஓடிவிடும். வெயில் தாழ்ந்த பிறகே தெளியுங்கள். வேம்பின் சத்து வெயிலில் சிதைந்துவிடும்.

இப்போது உங்கள் வயலுக்கு வருகிறேன். காய் முற்றியிருந்தால் இனி எதையும் அடித்துக் காசைக் கரைக்காதீர்கள். பூவும் பிஞ்சுமாக இருந்தால், இந்த ஒரு முறை வேளாண் அலுவலரிடம் கேட்டு மருந்தே அடித்துவிடுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. நனையும் கந்தகம், அதாவது தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள், அடிக்க நினைத்தால் மட்டும் கவனம். வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகும். கொட்டைச் சாற்றிலும் எண்ணெய் உண்டு என்பதால் அதற்கும் அதே இடைவெளி கொடுப்பதே நல்லது.

கொட்டையை மூன்று மாதத்துக்குக் குறையாமலும் எட்டு மாதத்துக்கு மேற்படாமலும் வைத்திருந்து பயன்படுத்த வேண்டும். ஆடியில் பொறுக்கினால் தைக்குக் கணக்குச் சரியாக வரும். நிழலில் காயவையுங்கள். பூசணம் பிடித்த கொட்டையைக் கொண்டு பூசணத்தை விரட்டக் கிளம்பாதீர்கள்!