கறுப்பு ஃபார்திங்

நேயர்களுக்கு வணக்கம். பழைய பிரிட்டிஷ் சில்லறைக் காசுகளைச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே செய்கிற தப்பு ஒன்று உண்டு. கறுத்துக் கிடக்கிற காசைப் புளி போட்டுத் துலக்கிவிடுவார்கள். குத்துவிளக்குக்கு அது சரி. ஃபார்திங்குக்கு அப்படிச் செய்தால் மதிப்பு அதோடு போயிற்று.

ஃபார்திங் என்றால் கால் பென்னி. பழைய கணக்கில் ஒரு பவுண்டுக்கு 960. 1860 முதல் வெண்கலத்தில் அடித்தார்கள். எடை 2.83 கிராம், விட்டம் சுமார் 20 மில்லிமீட்டர். அரை சாவரின் தங்கக் காசோ 19.3 மில்லிமீட்டர். (நகைக்கடையில் நாம் சொல்லும் பவுன், முழுச் சாவரினின் எடைதான்.) புதுக் கருக்கு அழியாத ஃபார்திங், பார்வைக்குத் தங்கக் காசாகவே தெரிந்தது. ஆள் ஏமாறாமலிருக்க, 1897-இல் லண்டன் நாணயச்சாலையே ஃபார்திங்கை ரசாயனத்தால் கறுப்பாக்கி வெளியிட்டது. 1918 வரை அந்த வழக்கம் நீடித்தது.

ஆகவே 1905-ஆம் ஆண்டுக் காசு செம்பு நிறத்தில் மின்னினால் மகிழ வேண்டாம், யாரோ துலக்கியிருக்கிறார்கள். தொடக்கமும் முடிவுமான 1897, 1918 ஆண்டுகளில் மட்டும் கறுப்பு, பளபளப்பு இரண்டுமே உண்டு. கைமாறிக் கைமாறித் தேய்ந்த காசிலும் கறுப்பு போகும். ஆனால் காசிலுள்ள அரச உருவத்தின் தலைமுடி போன்ற மேடான இடங்களில்தான் போயிருக்கும், எழுத்துகளின் இடுக்கில் தங்கியிருக்கும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பாருங்கள். இடுக்கும் பளிச்சென்று இருந்து, மயிரிழைக் கீறல்களும் தெரிந்தால் அது துலக்கியதுதான்.

மெத்தென்ற பிவிசி உறையில் வைத்தால் நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுக்கும். கலப்பில்லாத அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிச் சில நிமிடம் காசை ஊறவிட்டால் அது கரையும். துணியால் துடைக்காமல் தானாக உலரவிடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகில் அடுப்பு கூடாது. நகப்பூச்சு நீக்கியில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், அது வேண்டாம். வெளிர்பச்சைப் பொடி பூத்திருந்தால் சங்கதி வேறு. அது உப்பால் வரும் அரிப்பு, ஈரம் பட்டால் வளரும். அந்தக் காசைத் தனியே பிரித்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். மற்றவற்றுக்கு மைலார் (பாலியெஸ்டர் படலம்) உறை போதும்.

ஃபார்திங்கிலும் சின்னது உண்டு. அரை ஃபார்திங்கை 1828-இல் இலங்கைக்காகவே அடித்தார்கள். பிரிட்டனில் அது செல்லுபடியானது 1842-இல்தான். கால் ஃபார்திங்கும் இலங்கைக்கானதே: 13.5 மில்லிமீட்டர், 1.2 கிராம், பவுண்டுக்கு 3840. காசில் இலங்கையின் பெயரே இராது. அதனால் விற்பவர்கள் சிலர் பிரிட்டிஷ் தட்டில் போட்டிருப்பார்கள், இரண்டு தட்டையும் துழாவுங்கள். புழக்கத்துக்கென அடித்த ஆண்டுகள் 1839, 1851, 1852, 1853. விக்டோரியா தலையோடு 1845 என்று ஒரு கால் ஃபார்திங்கை யாராவது நீட்டினால், வாங்காதீர்கள்.